குளோரின் ஸ்ப்ரேயா, வெள்ளைப் பரஃபினா? கண்டியில் நீந்துகிற தோலுக்கு எது பெறுமதி

நீந்தி முடித்து வெளியே வந்ததும் உடம்பில் அடித்துக்கொள்கிற "குளோரின் நீக்கி" ஸ்ப்ரே இப்போது கண்டிப் பக்கம் நீந்துகிறவர்கள் பலரின் பைக்குள்ளும் இருக்கிறது. கொழும்பிலிருந்து கூரியரில் வரும், போத்தல் அழகாக இருக்கும், எலுமிச்சை மணக்கும், விலை மட்டும் கண்ணைக் கட்டும். அதையும், பாமசியில் டப்பாவில் விற்கிற வெள்ளைப் பரஃபின், வீட்டுத் தேங்காய் எண்ணெய், ஏக்குவஸ் கிரீம், நீச்சல்காரருக்கென்றே வருகிற ஷாம்பு என்று கைக்குக் கிடைத்த எல்லாவற்றையும் எங்கள் வீட்டில் பாவித்துப் பார்த்தாயிற்று. தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை நேரமிருப்பவர்கள் வாசியுங்கள்: ஸ்ப்ரே மணத்தை எடுக்கும், அரிப்பை எடுக்காது. அரிப்பும் வறட்சியும்தான் உங்கள் தொல்லை என்றால் ஸ்ப்ரேயை விட்டுவிட்டு வெள்ளைப் பரஃபினை வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் தோல் மூன்று மாதிரி. எனக்குக் காலெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிரும். மகள் பள்ளிக்கூட அணியில் நீந்துகிறாள், அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே முழங்கை மடிப்பில் கரப்பான். தம்பிக்கு ஒன்றுமே செய்யாது, எருமைத் தோல், அவன் சொல்கிற விமர்சனத்தை ஒருவரும் நம்ப வேண்டாம். ஆகவே கீழே எழுதுவதெல்லாம் நானும் மகளும் கண்டது. (கண்டியில் நீந்துகிறேன் என்றதும் வாவியிலா என்று கேட்கிற வெளியூர்க்காரர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இல்லை, வாவியில் இல்லை.)

சரி, தண்ணீரில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால்தான் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது விளங்கும். நீச்சல் குளத்துக்குப் போடுகிற பவுடரோ திரவமோ எதுவானாலும் தண்ணீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது, கிருமியைக் கொல்வது அதுதான். அது கிருமிக்கு ஒரு நியாயம், தோலுக்கு ஒரு நியாயம் என்று பார்க்காது. தோலின் மேல் இருக்கிற கொழுப்புப் படலத்தையும் தாக்கும், புரதத்தோடும் சேர்ந்துகொள்ளும். அதற்கு மேல் ஒரு மணித்தியாலம் தண்ணீரில் ஊறிய தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கிற இயற்கைச் சத்துகளும் கரைந்து போய்விடும். வெளியே வந்ததும் உள்ளே இருந்த ஈரமும் ஆவியாகிறது. அரிப்பு வருவது இந்த இடத்தில். அதாவது பாதிப் பழி குளோரினுக்கு, பாதிப் பழி வெறும் தண்ணீருக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு ஸ்ப்ரே போத்தலின் லேபலைப் பாருங்கள், அது குளோரினைப் பற்றி மட்டும்தான் பேசும்.

மணத்தைப் பற்றியும் ஒரு பெரிய தப்பபிப்பிராயம் ஊருக்குள் இருக்கிறது. மூக்கைத் துளைக்கிற மணம் வந்தால் "இன்றைக்கு மருந்து கூடப் போட்டுவிட்டார்கள்" என்பார்கள். நாங்கள் போகிற குளத்தைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் தலவாக்கலைப் பக்கத்து ஆள், ஒருநாள் இதையே அவரிடம் கேட்டேன். "அண்ணே, குளோரின் கூடிருச்சா?" சிரித்துவிட்டு, "இல்லம்மா, இது மருந்து பத்தாத மணம். நேத்து ரெண்டு பஸ் நிறைய பிள்ளைங்க வந்து எறங்குனாங்க, ஒருத்தராவது மேல் கழுவிட்டு எறங்கணுமே" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. வியர்வையிலும் சிறுநீரிலும் இருக்கிற யூரியா, அமோனியா வகையறாவோடு குளோரின் சேர்ந்து குளோரமைன் ஆகிறது. கண்ணை எரிக்கிறதும், தொண்டையைக் கரகரக்க வைக்கிறதும், அந்த மணமும் பெரும்பாலும் அதனுடைய வேலை. நன்றாகப் பராமரிக்கிற குளம் அவ்வளவாக மணக்காது. அதனால் எந்த ஸ்ப்ரேயை வாங்குவதற்கும் முன்னால் குளத்தையே ஒரு தடவை முகர்ந்து பாருங்கள், அதற்குக் காசில்லை.

இன்னொன்றும் கவனிக்கலாம். பல இடங்களில் தண்ணீரைச் சோதிக்க மஞ்சள் நிறம் காட்டுகிற துளி மருந்துதான் வைத்திருக்கிறார்கள். அது மொத்தக் குளோரினைக் காட்டும், அதில் எவ்வளவு உதவுகிற குளோரின், எவ்வளவு குளோரமைனாகக் கெட்டுப்போனது என்று பிரித்துச் சொல்லாது. இளஞ்சிவப்பு நிறம் காட்டுகிற டிபிடி சோதனைதான் இரண்டையும் பிரித்துக் காட்டும். சாதாரணக் குளத்தில் உதவுகிற குளோரின் குறைந்தது 1 பிபிஎம் (பத்து லட்சம் பங்குத் தண்ணீருக்கு ஒரு பங்கு) இருக்க வேண்டும், பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) 7.2க்கும் 7.8க்கும் இடையில் நிற்க வேண்டும். மாதச் சந்தா கட்டுகிறவர்கள் இதைக் கேட்பதில் தப்பில்லை. கேட்டால் முகத்தைச் சுளிக்கிற இடமும் இருக்கிறது, பதிவுப் புத்தகத்தையே எடுத்துக் காட்டுகிற இடமும் இருக்கிறது, எங்கே சேர்வது என்பதற்கு அதுவே போதும்.

இனி ஸ்ப்ரே. உள்ளே இருப்பது வைட்டமின் சி, அநேகமாகச் சோடியம் அஸ்கோர்பேட் என்ற உருவத்தில், மிச்சம் தண்ணீர், கொஞ்சம் கற்றாழை, வாசனை. வைட்டமின் சி குளோரினோடு சேர்ந்ததும் அதைச் சாதாரணக் குளோரைட்டாக மாற்றிவிடும், நம் கறி உப்பில் இருக்கிற அதே குளோரைட். குளோரமைனிலும் வேலை செய்யும். ஆகவே லேபலில் உள்ளது பொய்யில்லை. வெறும் தண்ணீரில் எவ்வளவு கழுவினாலும் மறுநாள் வகுப்பில் மகளின் கையில் அந்த மணம் நிற்கும், பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பிடிக்கும். ஸ்ப்ரே அடித்து ஒரு நிமிடம் விட்டுக் கழுவினால் அது போய்விடுகிறது. தலைமயிரில் இன்னும் நன்றாகத் தெரிகிறது. இந்த ஒரு வேலைக்கு அதற்கு முழு மார்க் கொடுப்பேன்.

ஆனால் கால் செதில் குறைந்ததா? இல்லை. மகளின் முழங்கை ஆறியதா? அதுவும் இல்லை, அதோடு வெடித்த இடத்தில் பட்டதும் காந்துகிறது என்று அவள் துள்ளினாள். அது நியாயம்தானே, போன கொழுப்பை வைட்டமின் சி திரும்பக் கொண்டுவந்து தராது. லேபலில் "ஈரப்பதமூட்டும்" என்று ஒரு சொல் இருக்கிறது, பொருட்பட்டியலின் கடைசியில் துளி கிளிசரின் இருப்பதை வைத்து எழுதியிருப்பார்கள் போல. அந்தச் சொல்லை நம்பி மேலே வேறொன்றும் பூசாமல் போகிறவர்களுக்குத்தான் தொல்லை கூடுகிறது.

ஸ்ப்ரேயின் வேலையை வீட்டிலேயும் செய்துகொள்ளலாம். அஸ்கோர்பிக் அமிலத் தூள் வேண்டும். பாமசியில் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் பேக்கரிச் சாமான் விற்கிற கடையில் விசாரியுங்கள், பாண் மாவுக்குப் போடுகிற பொருள்தான் அது. கால் லீட்டர் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டியளவு. தனியாகப் போட்டால் புளிப்பு கூடிக் காந்தும், அதனால் அதில் பாதியளவு அப்பச்சோடாவும் சேருங்கள், நுரைத்து அடங்கியதும் கிடைப்பது அதே சோடியம் அஸ்கோர்பேட்தான். செய்த அன்றைக்கே பாவித்துவிட வேண்டும். தண்ணீரில் கரைத்த வைட்டமின் சி காற்றுப் பட்டுக் கெட்டுப்போகும், மஞ்சள் தட்டினால் ஊற்றிவிடுங்கள். வைட்டமின் சி குளிசையை இடித்துப் போடலாமே என்று தம்பி ஐடியா சொன்னான். குளிசையில் மாவும் இனிப்பும் நிறமும் இருக்கும், ஸ்ப்ரே வாயை அடைத்துவிட்டுத் தோலில் பிசுபிசுவென்று நிற்கும். வேண்டாம்.

வெள்ளைப் பரஃபினுக்கு வருகிறேன். வாஸ்லின் என்று நாம் எல்லாரும் சொல்கிற அதே சாமான்தான், பெயர் போட்ட டப்பாவும் பாமசியில் நிறுத்துத் தருகிற வெள்ளை டப்பாவும் ஒரே வேலையைத்தான் செய்யும், வாசனை சேர்க்காததாக மட்டும் பார்த்து வாங்குங்கள். அதில் மருந்து ஒன்றும் இல்லை. தோலின் மேல் ஒரு மூடிபோல உட்கார்ந்துகொள்ளும், உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாது, வெளியே இருக்கிற தண்ணீரையும் அவ்வளவு சுலபமாக உள்ளே விடாது. நீந்தப் போகுமுன் முழங்கை மடிப்பு, முழங்கால் பின்பக்கம், கழுத்து, அக்குள், கண்ணாடி ரப்பர் அழுத்துகிற இடம் இவற்றில் மெல்லிசாக ஒரு தடவல். மகளுக்கு வித்தியாசம் தெரிந்தது இதில்தான். பயிற்சிக்குப் பிறகு முழங்கையைச் சொறிந்துகொண்டே பஸ்ஸில் வருவது நின்றது.

மெல்லிசாக என்று சொன்னதைக் கவனியுங்கள். அப்பிக்கொண்டு இறங்கினால் குளம் முழுக்க எண்ணெய் மிதக்கும், டைல் ஓரத்தில் அழுக்குக் கோடு விழும், பில்டர் அடைபடும், அந்த எண்ணெயை உடைப்பதற்கே குளோரின் செலவாகும். சில குளங்களில் எண்ணெய் பூசி இறங்கக் கூடாது என்று போர்டே வைத்திருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ரப்பர் தொப்பி போடுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும், லேடெக்ஸ் தொப்பி பரஃபின் பட்டால் இளகிக் கிழியும். சிலிக்கோன் தொப்பி தாங்கும்.

தேங்காய் எண்ணெய் தோலுக்குச் சுமார்தான், தண்ணீரில் சீக்கிரம் போய்விடுகிறது. ஆனால் தலைக்கு அதை அடிக்க ஆளில்லை. அதில் அதிகம் இருக்கிற லோரிக் அமிலம் மயிரின் உள்ளேயே போகக்கூடியது, அதனால் மயிர் தண்ணீரை உறிஞ்சி ஊதுவதும் புரதம் கழிவதும் குறையும். நல்ல தண்ணீரில் தலையை நனைத்து, உள்ளங்கையில் சில சொட்டு எண்ணெய் எடுத்து நுனிவரை இழுத்துவிட்டு, அதற்கு மேல் தொப்பி. நல்ல தண்ணீரில் நனைத்து என்பதுதான் முக்கியம். காய்ந்த மயிர் குளத்துத் தண்ணீரைக் குடித்துவிடும், ஏற்கெனவே நனைந்திருந்தால் அதற்கு இடம் குறைவு. தோலுக்கும் இதே கதைதான். இறங்கும் முன்னால் ஷவரில் நிற்பது சட்டத்துக்காக மட்டும் இல்லை, குளோரமைன் ஆகிற வியர்வையையும் அது கழுவிவிடுகிறது. இதில் ஒரு வயிற்றெரிச்சல்: பெயர் வேண்டாம், நாங்கள் முன்பு போன ஓரிடத்தில் "குளித்துவிட்டு இறங்கவும்" என்று மூன்று மொழியிலும் பளபளவென்று எழுதிவைத்திருந்தார்கள், ஷவரைத் திறந்தால் காற்றுத்தான் வரும்.

நீச்சல் ஷாம்பு வாங்குவதென்றால் முன்பக்கத்து மீன் படத்தைப் பார்க்காமல் பின்பக்கம் வாசியுங்கள். சோடியம் தயோசல்பேட் இருந்தால் அது குளோரினை முறிக்கும், இடிடிஏ இருந்தால் உலோகத்தைப் பிடித்து இழுக்கும். மயிர் பச்சை தட்டுவது செம்பினால், குளோரினால் அல்ல. பாசி மருந்திலோ குழாயிலோ இருந்து வருகிற செம்பு மயிரில் படிகிறது. நம் கறுத்த மயிரில் அது தெரியாது, கலர் அடித்தவர்கள்தான் கவனிக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத ஷாம்பு வெறும் ஷாம்பு. வாரத்தில் ஒரு தடவை போதும், தினமும் போட்டால் மயிர் வைக்கோலாகிவிடும்.

அடுத்தது ஏக்குவஸ் கிரீம், இதில் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. தோல் காய்கிறது என்று எந்தப் பாமசிக்குப் போனாலும் முதலில் நீட்டுவது அந்த டப்பாதான், விலை குறைவு, வெள்ளை வெளேரென்று மிருதுவாக இருக்கும், மணமும் இல்லை. ஆனால் பழைய முறைப்படி செய்கிற ஏக்குவஸ் கிரீமில் சோடியம் லோரில் சல்பேட் இருக்கிறது, சவர்க்காரத்திலும் ஷாம்பூவிலும் நுரைக்காகப் போடுகிற அதே சாமான். பூசி அப்படியே விட்டால் சிலருக்கு, முக்கியமாகக் கரப்பான் உள்ள பிள்ளைகளுக்கு, எரிச்சல் கூடும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2013இலேயே எச்சரித்தது. இங்கே அந்தச் செய்தி கவுன்டர் வரைக்கும் வரவில்லை. அதைச் சவர்க்காரத்துக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவுவதற்குப் பாவியுங்கள், அதற்கு அருமையான சாமான். பூசிக்கொண்டு படுப்பதற்கு அல்ல. சந்தேகம் என்றால் டப்பாவைத் திருப்பி அந்தச் சல்பேட் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாத வகையும் வருகிறது.

மலைநாட்டில் இருக்கிறவர்களுக்குக் கொழும்பு ஆட்கள் எழுதுகிற ஆலோசனை அப்படியே பொருந்தாது, இரண்டு விஷயத்தில். முதலாவது சுடுதண்ணி. டிசம்பர், ஜனவரி காலையில் குளத்தை விட்டு ஏறினால் பல் கிட்டும், ஓடிப்போய் ஹீட்டரைத் திறந்து ஆவி பறக்க நிற்கத்தான் மனம் வரும். நீந்தி ஏற்கெனவே கொழுப்பு இழந்த தோலில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, அதன்மேல் சவர்க்காரமும் போட்டால், மிச்சம் இருந்ததும் போய்விடும். நானுஓயாவில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய் ஹோட்டல் குளத்தில் நீந்திவிட்டு வந்த நாட்களில்தான் எனக்குக் கால் மிக மோசமாக வெடிக்கும், குளோரினைவிட அந்தக் குளிரும் காய்ந்த காற்றும் சுடுதண்ணியும் சேர்ந்து செய்கிற வேலை அது. இளஞ்சூட்டில் சீக்கிரமாகக் கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காயுமுன் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பரஃபினையோ நல்ல கிரீமையோ பூசிவிட வேண்டும். காய்ந்தபிறகு பூசினால் மூடி மட்டும்தான், உள்ளே ஈரம் இருக்காது. உடை மாற்றும் அறையில் நின்று இதைச் செய்யக் கூச்சமாக இருக்கும், பழகிவிடும்.

சவர்க்காரம் பற்றியும் ஒன்று. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இல்லை நம் தண்ணீர், மலையிலிருந்து வருவது மென்தண்ணீர், துளி சவர்க்காரத்துக்கே நுரை பொங்கும், எவ்வளவு கழுவினாலும் வழுவழுப்பு நிற்கும். அதனால் கை நிறையத் தேய்க்கத் தேவையே இல்லை. அக்குள், இடுப்பு, கால் இடுக்கு, அவ்வளவு போதும்.

இரண்டாவது வெயில். குளிர்ந்தால் வெயில் சுடாது என்று நினைக்கிறோம். உயரம் ஆயிரம் மீற்றர் கூடும்போது புற ஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து வீதம் கூடுகிறது. நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது, கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய மேகமும் மூடுபனியும் சூட்டை மறைக்கிற அளவுக்கு அந்தக் கதிரை மறைப்பதில்லை. திறந்த குளத்தில் நீந்துகிறவர்கள் முகம், தோள், முதுகில் முதலில் சன்ஸ்கிரீனைக் காய்ந்த தோலில் பூசி ஒரு கால் மணித்தியாலம் விடுங்கள், பரஃபின் அதன்பிறகு மடிப்புகளில் மட்டும். பரஃபின் மேல் சன்ஸ்கிரீன் பூசினால் வழுக்கிக்கொண்டு போய்விடும். தண்ணீர் தாங்கும் என்று எழுதியிருந்தாலும் அது 40 நிமிடமோ 80 நிமிடமோதான், லேபலில் இருக்கும்.

நுவரெலியாப் பக்கம் சூடாக்கிய குளமும் ஜக்கூசியும் இப்போது கூடிவிட்டன. சூட்டுத் தண்ணீரில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துவிடும், கவனிக்காவிட்டால் சூடோமோனாஸ் என்ற கிருமி வளரும், ஓரிரு நாளில் நீச்சல் உடை மூடிய இடமெல்லாம் மயிர்க்கால் சுற்றிச் சிவந்த கொப்புளம் வரும். அதைக் குளோரின் அலர்ஜி என்று நினைத்து ஸ்ப்ரே அடித்துக்கொண்டு இருக்காதீர்கள். கரப்பான் வெடித்து நீர் வடிகிற பிள்ளையையும் ஆறும்வரை தண்ணீரில் இறக்க வேண்டாம், டொக்டரிடம் காட்டுங்கள், கண்டியிலும் பேராதனையிலும் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே தோல் கிளினிக் இருக்கிறது.

உடையைப் பற்றி ஒரு வரி: ஸ்பான்டெக்ஸ் துணியைக் குளோரின் தின்றுவிடும், தினமும் நீந்துகிற பிள்ளைக்குப் பாலியெஸ்டர் அல்லது பிபிடி என்று எழுதியதை எடுங்கள். ஈர உடையோடு பஸ் ஏற வைக்காதீர்கள், உரசல் புண் பாதி அதில்தான் வருகிறது.

ஆக என் பையில் இப்போது இருப்பது சின்ன டப்பாவில் பரஃபின், ஒரு சின்னப் போத்தல் தேங்காய் எண்ணெய், முகத்துக்குச் சன்ஸ்கிரீன். மகளின் பையில் ஸ்ப்ரேயும் இருக்கிறது, வகுப்பில் மணக்கக் கூடாது என்பது அவள் வயதுக்குப் பெரிய விஷயம், அதை நான் மறுக்கவில்லை. நீங்களும் வாங்குவதென்றால் பெரிய போத்தலை எடுக்காதீர்கள், காலாவதித் திகதியைப் பாருங்கள், கடையில் வெயில் படுகிற கண்ணாடி அலுமாரியில் வைத்திருந்தால் அங்கே வாங்கவே வேண்டாம். நிறம் மாறியதைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றுதான் சொல்வார்கள்.